அடித்தால் அடங்குகிறதே, எப்படி?

"அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான்" என்று சொல்லிச் சொல்லியே பிள்ளை வளர்த்தவர்கள் நாம். அடித்ததும் பிள்ளை அடங்குவதைக் கண்ணால் பார்க்கிறோம். ஆய்வாளர்களும் அதை மறுப்பதில்லை. வம்பே அந்த உடனடிப் பலனில்தான் இருக்கிறது.

சோபாவில் குதிக்கிற பிள்ளையின் முதுகில் ஒன்று வைத்தால் குதிப்பது நிற்கிறது, பெரியவரின் எரிச்சலும் அந்த நொடியே தீர்கிறது. தொல்லையைச் சட்டென நிறுத்தும் செயலை மறுபடி மறுபடி செய்யத் தூண்டுவது மூளையின் சுபாவம். உளவியலில் இதை எதிர்மறை வலுவூட்டல் என்பார்கள். ஆக, அந்த அடியில் நன்றாகப் பழகிக்கொள்வது அடித்தவர்தான். பிள்ளை மறுநாளும் குதிக்கும்.

இன்னொரு மயக்கமும் உண்டு. இஸ்ரேல் விமானப்படைப் பயிற்சியாளர்களிடம் உளவியலாளர் டேனியல் கானெமன் பேசியபோது, பாராட்டினால் பயிற்சி விமானிகள் அடுத்த முறை சொதப்புகிறார்கள், திட்டினால் ஒழுங்காக ஓட்டுகிறார்கள் என்று ஒருவர் வாதிட்டார். படுமோசமான ஒரு முயற்சிக்குப் பிறகு, யாரும் எதுவும் சொல்லாவிட்டாலும், அடுத்தது பெரும்பாலும் சுமாராக அமையும் என்பதே கானெமன் கண்டது. வெறும் புள்ளியியல். நாமும் ஆட்டம் உச்சத்துக்குப் போன பிறகுதானே கை ஓங்குகிறோம்? தானாகத் தணிய இருந்ததற்கும் பெயர் அடிக்குப் போய்விடுகிறது.

சரி, பிள்ளைக்குள் என்ன நடக்கிறது? பயம் வந்தால் கவனம் முழுக்க ஆபத்தின் மேல் போகும்; எதற்காக அடி விழுந்தது என்பது பின்னால் தள்ளப்படும். வீட்டில் அடி வாங்கியிருந்த, ஆனால் கடும் வன்முறைக்கு ஆளாகாத பிள்ளைகளை ஹார்வர்டு குழு ஒன்று ஸ்கேன் செய்து 2021இல் முடிவை வெளியிட்டது. மிரண்ட முகங்களின் படத்தைப் பார்த்தபோது, அடி வாங்காத பிள்ளைகளைவிட இவர்களின் மூளை முன்புறணி (நெற்றிக்குப் பின்னால், ஆபத்துக் குறிகளையும் கவனிக்கும் பகுதி) அதிகம் தூண்டப்பட்டது.

75 ஆய்வுகளைத் தொகுத்து எலிசபெத் கெர்ஷாஃபும் ஆண்ட்ரூ குரோகன்-கெய்லரும் 2016இல் எழுதிய கட்டுரையில், அதிகம் அடி வாங்கிய பிள்ளைகளிடம் முரட்டுத்தனமும் அதிகம் இருந்தது. "முரட்டுப் பிள்ளைதானே அதிகம் அடி வாங்கும்?" என்பது ராபர்ட் லார்செலியர் போன்ற ஆய்வாளர்களின் எதிர்க்கேள்வி. நியாயமான கேள்விதான். பிறவிக் குணம்தான் காரணமா என்று பிரித்துப் பார்க்க ஒரு வழி, மரபணுவும் வீடும் ஒன்றேயான ஒரே கரு இரட்டையர்கள். மிச்சிகன் ஆய்வாளர்கள் அப்படி ஒப்பிட்டபோது, இருவரில் பெற்றோரின் கடுமையை அதிகம் அனுபவித்தவரிடமே அடாவடியும் அதிகம் காணப்பட்டது. ஒரே மரபணு என்பதால், பிறவிக் குணம் என்று இந்த வித்தியாசத்தைத் தள்ளிவிட முடியாது.