தெளிப்புத் துப்பாக்கி வேண்டாம், தூவி போதும்

காரின் கதவுக்கு வீட்டிலேயே பெயிண்ட் அடிக்கலாம் என்று இணையக் கடையில் ஸ்பிரே கன் தேடினால், தமிழ்ப் பக்கத்தில் ‘ஈர்ப்பு ஊட்டத் தெளிப்புத் துப்பாக்கி’ வந்து நிற்கிறது. கூடவே முனையின் மூடிக்குக் ‘காற்றுத் தொப்பி’, ‘மின்விசிறி வடிவம்’. உப்புக்காற்றில் கதவின் அடிவிளிம்பு துருவேறாத கார் ராமநாதபுரம் கடற்கரையில் அபூர்வம் என்பதால் இந்தத் தேடல் இங்கே பலருக்கும் வாய்க்கிறது. கீழக்கரையிலோ மண்டபத்திலோ எந்தப் பட்டறையிலும் துப்பாக்கி என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ‘கன்னை எடுடா தம்பி’, அவ்வளவுதான்.

ஆங்கில ‘கன்’, குன்ஹில்டர் என்ற பழைய நார்ஸ் (வட ஐரோப்பிய மொழி) பெண்பெயரிலிருந்து வந்தது என்பார்கள். 14ஆம் நூற்றாண்டில் வின்ட்சர் கோட்டையில் இருந்த பெரிய வில்பொறி ஒன்றுக்கு அந்தப் பெயர்தான். நம் துப்பாக்கி, துருக்கிய ‘துஃபெக்’ வழி வந்தது. சரி, பிறப்பு போகட்டும். பசை, கிரீஸ், பெயிண்ட் என எதைப் பாய்ச்சும் கருவியையும் ஆங்கிலம் கன் என்கிறது. தமிழில் துப்பாக்கி என்றால் ஆயுதம் மட்டுமே.

இங்கே ஒருவர் தவறாமல் ‘வள்ளுவரே துப்பாக்கி என்கிறாரே’ என்று எழுந்துவிடுவார். அந்தக் குறளில் இருப்பது துப்பு ஆக்கி, அதாவது உணவை உண்டாக்கி. அதே குறளில் ‘தூஉம்’ வருகிறதே என்று, நான் சொல்லும் ‘தூவி’க்காக நானும் குதிக்க முடியாது. அது ‘துப்பாயதூஉம்’, தூவுவதற்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை.

துப்பாக்கியைக்கூடப் பொறுத்துக்கொள்வேன், ‘தெளிப்பு’தான் பெரிய குற்றம். வாசல் தெளிக்கிறோம், சொட்டுச் சொட்டாக விழும். வயலில் பூச்சிமருந்து அடிப்பதும் தெளிப்பான், பாசனத்துக்கு நீர் இறைப்பதும் தெளிப்பான். கதவில் பெயிண்ட் அப்படி விழுந்தால் ஆரஞ்சுத் தோல் மாதிரி மேடுபள்ளமாகும். அப்புறம் உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டியதுதான். ‘பீச்சி’ என்பாரும் உண்டு. பீச்சினால் தாரையாகப் போகும், அதுவும் தப்பு. இந்தக் கருவி செய்வது வேறு: அழுத்தக் காற்று பெயிண்டைக் கிழித்து நுண்துளிகளாக்கிப் பரப்புகிறது. மழை விட்டும் விடாத தூவானம் நமக்குத் தெரியாததா? தூவுவது தூவி. தனித்தமிழர் பேனாவுக்குத் தூவல் என்று வைத்திருக்கிறார்கள், பழம்பாட்டில் தூவி என்றால் பறவை இறகு. இருக்கட்டும், பட்டறையில் அன்னத்தின் இறகை யார் கேட்கப்போகிறார்கள்? குழப்பமென்றால் பெயிண்ட் தூவி எனலாம்.

மொழிபெயர்ப்பாளர்களிடம் எனக்குள்ள மனத்தாங்கல், வாங்குகிறவனுக்கு அவர்கள் சொல் எதையும் சொல்லவில்லை என்பதே. ‘ஈர்ப்பு ஊட்டம்’ என்றால் கப்பு மேலே இருக்கிறது, பெயிண்ட் தானாக இறங்கும், அவ்வளவே. மேல்கப்புத் தூவி என்றால் பள்ளிப் பிள்ளைக்கும் புரியும். எச்விஎல்பி என்ற கன் வகையை ‘உயர் தொகுதி குறைந்த அழுத்தம்’ என்று எழுதிவிட்டு ஓடிவிடுகிறார்கள். எதன் தொகுதி? காற்று நிறைய, அழுத்தம் கொஞ்சம். முனையில் அழுத்தம் 10 பிஎஸ்ஐக்கு (காற்றழுத்த அளவு) மேல் போகாது, பெயிண்ட் புகையாகப் பறந்து வீணாவது குறைவு. ஆனால் காற்றைக் குடித்துத் தீர்க்கும். வீட்டுச் சிறு கம்ப்ரசர் மூச்சு வாங்கும். அதற்குக் குறைந்த காற்றில் ஓடும் எல்விஎல்பி தேவலை. நிறத்துக்கும் அதன்மேல் அடிக்கும் நிறமற்ற பூச்சான கிளியருக்கும் 1.3 அல்லது 1.4 மில்லிமீட்டர் நாசில், கெட்டியான அடிப்பூச்சான பிரைமருக்கு 1.7, 1.8. நம் கடற்கரை ஈரத்தில் கம்ப்ரசர் தொட்டியில் தண்ணீர் சேரும். குழாயில் நீர்வடிப்பான் போடாவிட்டால் பெயிண்டில் குழி விழும். ‘மின்விசிறி வடிவம்’ என்பது விசிறி போல விரியும் தூவலின் அகலம். அதில் மின்சாரம் எங்கிருந்து வந்ததோ, மொழிபெயர்த்தவருக்கே வெளிச்சம்.

கடையில் மட்டும் கன் என்றே கேளுங்கள். தூவி என்றால் இப்போதைக்கு மிளகுப்பொடி டப்பாவை எடுத்து நீட்டுவார்கள்.