புள்ளி வைக்கும் முன் எண்ணுங்கள்

கார்பன் டை ஆக்சைடின் புள்ளிப் படத்தை, அதாவது அணுக்களின் வெளிக்கூட்டு எலக்ட்ரான்களைப் புள்ளிகளாகக் காட்டும் படத்தை, வரையச் சொன்னால், விடைத்தாள்களில் ஒரே பிழை மீண்டும் மீண்டும் வருகிறது. கார்பனுக்கும் ஆக்சிஜன்களுக்கும் இடையே ஒற்றைப் பிணைப்புகள், மூன்று அணுக்களையும் சுற்றி எட்டெட்டுப் புள்ளிகள் என்று படம் பார்வைக்குக் குறையின்றி இருக்கிறது. பங்கிட்டவற்றை ஒருமுறை மட்டும் எண்ணினால் மொத்தம் 20 புள்ளிகள். கார்பன் தருவது 4, ஆக்சிஜன் ஒவ்வொன்றும் தருவது 6, ஆக அந்த மூலக்கூறுக்கு வாய்த்த இணைதிற எலக்ட்ரான்கள் (வெளிக்கூட்டு எலக்ட்ரான்கள்) 16 மட்டுமே. மிகுதி நான்கும் எங்கிருந்து வந்தன?

கேட்டால், "எட்டு வர வேண்டுமே" என்கிறார்கள். எட்டு வர வேண்டும் என்பதற்காக எலக்ட்ரான் பிறந்துவிடாது. அணுவைச் சுற்றி எட்டு எலக்ட்ரான்கள் அமைய வேண்டும் என்னும் எண்ம விதி, இருக்கும் எலக்ட்ரான்களை எவ்வாறு பங்கிடலாம் என்பதற்கு வழிகாட்டுகிறதே தவிர, இல்லாதவற்றை உண்டாக்கித் தருவதில்லை. இப்படி வரைந்த படம் வரவில்லாமல் செலவெழுதிய கணக்கைப் போன்றது. ஒற்றைப் பிணைப்புகளால் எட்டை நிரப்ப 20 தேவை, கையில் இருப்பதோ 16 என்னும் அந்தப் பற்றாக்குறைதான் இரட்டைப் பிணைப்பையே கேட்கிறது. குறையும் ஒவ்வோர் இரண்டு எலக்ட்ரானுக்கும் ஒரு பிணைப்பு கூடும். நைட்ரஜன் மூலக்கூறில் தேவை 14, இருப்பு 10. ஆகவே ஒற்றைப் பிணைப்பு முப்பிணைப்பாகிறது. இதை மனப்பாடம் செய்யத் தேவையே இல்லை.

எட்டை வேதவாக்காகக் கொள்பவர்கள் நைட்ரிக் ஆக்சைடைக் கண்டதும் திகைக்கிறார்கள். அதில் இருப்பவை 11. ஒற்றைப்படையாக இருக்கிறதே என்று இன்னொரு புள்ளியைச் சேர்த்துவிடாதீர்கள்; இணையற்ற அந்த ஓர் எலக்ட்ரான் உண்மையிலேயே அங்கு இருக்கிறது. போரான் ட்ரைஃப்ளூரைடின் வழக்கமான படத்தில் போரானைச் சுற்றி ஆறு, சல்ஃபர் ஹெக்சாஃப்ளூரைடில் சல்ஃபரைச் சுற்றிப் பன்னிரண்டு. 1916-இல் கில்பர்ட் லூயிஸ் இம்முறையை முன்வைத்தபோதும் அவர் அழுத்தம் கொடுத்தது எலக்ட்ரான் இணைகளுக்குத்தான்.

குளோரினுக்குப் பதினேழு புள்ளி வைப்பவர்களுக்கு ஒரு சொல்: வெளிக்கூட்டில் உள்ள ஏழு மட்டும் போதும். தனிம அட்டவணையில் 13 முதல் 18 வரையுள்ள தொகுதிகளுக்குத் தொகுதி எண்ணிலிருந்து பத்தைக் கழியுங்கள். ஹீலியம் மட்டும் 18-ஆம் தொகுதியில் இருந்தும் இரண்டு எலக்ட்ரான்களே கொண்டது. இடைநிலைத் தனிமங்களை இந்தக் கணக்கில் இழுக்காதீர்கள்.

பிணைப்பில் சேராத தனித்த இணைகளை விட்டுவிடுவது சோம்பல் என்றே சொல்வேன். நீரின் ஆக்சிஜன் மேல் இருக்கும் இரண்டு இணைகளை வரையாதவர், அம்மூலக்கூறு ஏன் நேர்கோடாக இல்லாமல் ஏறத்தாழ 104.5 பாகையில் வளைந்திருக்கிறது என்பதை எப்படி விளக்குவார்? அதே நேரத்தில், படத்திடம் அளவுக்கு மீறியும் எதிர்பார்க்கக் கூடாது. ஆக்சிஜன் மூலக்கூறின் படம் எல்லா எலக்ட்ரான்களும் இணைந்திருப்பதாகக் காட்டும். திரவ ஆக்சிஜனோ காந்தத்தால் ஈர்க்கப்படும், ஏனெனில் அதில் இணையற்ற எலக்ட்ரான்கள் இரண்டு உள்ளன.

அயனிகளுக்கு, தயவுசெய்து, மின்சுமையையும் கணக்கில் சேர்த்த பின்னரே புள்ளி வையுங்கள். அம்மோனியம் அயனிக்கு 5-உம் 4-உம் கூட்டி, நேர்மின்சுமைக்காக ஒன்றைக் கழித்தால் 8. சோடியம் குளோரைடில் சோடியத்துக்கும் குளோரினுக்கும் நடுவே பங்கிட்ட இணை வரையவே கூடாது. சோடியம் அயனியைப் புள்ளியின்றியும், குளோரைடை எட்டுப் புள்ளிகளுடன் சதுர அடைப்புக்குள்ளும் எழுதி, மின்சுமையை அடைப்புக்கு வெளியே இடுங்கள்.