புதுச் சப்பாத்தோடு ஊருக்கு வராதீர்கள்

போன கிழமை மட்டும் என்னிடம் மருந்தெடுக்க மூன்று பேர் வந்தார்கள். மூவரும் வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்தவர்கள். மூவருக்கும் குதிக்காலில் கொப்புளம். மூவர் போட்டிருந்ததும் இந்தப் பயணத்துக்கென்றே வாங்கிய புதுச் சப்பாத்து.

மூன்றாவதாக வந்த அம்மாவுக்கு அறுபது வயது தாண்டியிருக்கும். பல வருடமாகச் சலரோகம் (நீரிழிவு). கொப்புளம் உடைந்து, அந்தக் காலோடேயே தம்பியின் சிறுபோக வயலைப் பார்க்க இறங்கியிருக்கிறார். என்னிடம் வரும்போது பாதம் வீங்கிச் சிவந்திருந்தது. “டொக்டர், ரெண்டு நாள் போட்டா இளகிடும் எண்டு நினைச்சன்” என்றார்.

இளகாது, அம்மா. இதை நான் எத்தனை பேருக்குச் சொல்லிவிட்டேன்! அந்தக் காலத்துத் தோல் சப்பாத்து போடப் போட இளகியது உண்மை. அப்பாமார் எண்ணெய் தடவி, கடதாசி திணித்துப் பழக்கியதை நானும் கண்டிருக்கிறேன். இன்றைய ஸ்னீக்கர் துணியும் ஸ்பொஞ்சும் பசையும் சேர்த்துச் செய்தது. மேல்துணி கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம், நீளம் ஒருபோதும் கூடப்போவதில்லை. கடையில் விரலை இடித்த சப்பாத்து ஆனையிறவிலும் இடிக்கும். அப்படியானால் இரண்டு நாளில் எது இளகுகிறது? உங்கள் தோல்தான். “விலை கூடினது, கடிக்காது” என்பதும் அதே கதை. கால் விலையைப் பார்ப்பதில்லை.

குளிர் நாட்டில், காலை நேரம், கடைக் கம்பளத்தில் ஐந்து நிமிடம் நடந்து பார்த்து வாங்குகிறீர்கள். பிறகு 10 மணித்தியாலத்துக்கு மேல் விமானத்தில் இருந்து, கொழும்பிலிருந்து வான் வாகனத்தில் ஏ9 வீதியால் இன்னும் ஆறேழு மணித்தியாலம் காலைத் தொங்கப்போட்டபடி வருகிறீர்கள். இறங்கும் இடத்தில் வன்னி வெயில். கால் வீங்காமல் என்ன செய்யும்? வாங்கத்தான் வேண்டுமென்றால் பின்னேரத்தில் போய், நீங்கள் போடப்போகும் மேஸோடு (சொக்ஸ்) போட்டுப் பாருங்கள். நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு பெருவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். பயணத்துக்கு ஒரு மாதமாவது இருக்கும்போது வாங்கி, வேலைக்கும் கடைக்கும் அதையே போட்டு நடவுங்கள். அவ்வளவு நாள் இல்லையென்றால் வீட்டிலிருக்கும் பழையதைப் போட்டுக்கொண்டு வாருங்கள். யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

சூட்கேஸ் அடுக்குவதும் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். பலர் உடுப்பு எல்லாவற்றையும் அடுக்கிவிட்டு, அதற்கு நிறம் பொருந்த மூன்று சோடி சப்பாத்தும் வைக்கிறார்கள். 23 கிலோவில் சப்பாத்தே இரண்டு மூன்று கிலோ போய்விடும். காலுக்குப் பழகிய ஒரு சோடியை முதலில் எடுத்து வையுங்கள். அதைப் பெட்டிக்குள் வைக்காமல் காலில் போட்டுக்கொண்டே விமானம் ஏறுங்கள். பெட்டி வந்து சேராவிட்டாலும் கால் தப்பிவிடும். பிறகு அந்தச் சப்பாத்தோடு போகிற உடுப்பாகப் பாருங்கள். கருநீலத்தில் ஒன்று, மண் நிறத்தில் ஒன்று என இரண்டு பருத்திக் காற்சட்டை. இரண்டோடும் சேரக்கூடிய நாலு மேற்சட்டை. எட்டு விதமாக மாற்றிப் போடலாம், ஒரு கிழமைக்குத் தாராளம். ஆடி, ஆவணியில் இரவு தோய்த்துக் கொடியில் போட்டால் விடியக் காய்ந்திருக்கும். மார்கழி மழைக்கு வருபவர்கள் மட்டும் இரண்டு மேலதிகமாக வையுங்கள். டெனிம் வேண்டாம், வியர்த்தால் தொடையை உரசும், நனைந்தால் காய நாளெடுக்கும். வெள்ளை ஸ்னீக்கரும் வேண்டாம். ஒரு நாள் ஒழுங்கைக்குள் நடந்தால் செம்மண் ஏறிவிடும், அதைக் கழுவிவிட்டு ஈரத்தோடு போடுவார்கள், கொப்புளத்துக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? மேஸ் மட்டும் தாராளமாக எடுத்து வாருங்கள். மத்தியானம் ஒரு தரம் மாற்றுங்கள்.

இன்னொன்று. இங்கே வாசலுக்கு வாசல் சப்பாத்தைக் கழற்ற வேண்டும். முறிகண்டிப் பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைக்க இறங்கினால் கழற்று, மாமி வீட்டுக்குள் போகக் கழற்று. அலுத்துப்போய்ப் பின்பக்கத்தை மிதித்து, செருப்புப் போல நுழைத்துக்கொண்டு திரிகிறார்கள். மிதிபட்ட அந்த விளிம்பு மடிந்து தடித்து, பிறகு ஒழுங்காகப் போட்டாலும் குதிக்காலை அறுக்கும். கோயில் குளத்துக்கும் வீட்டுக்கும் ஒரு சாதாரணச் செருப்பு வையுங்கள். அந்தச் செருப்போடு வயல் வரம்புக்கோ பற்றைப் பக்கமோ போக வேண்டாம், முக்கியமாகப் பொழுதுபட்ட பிறகு. கண்ணாடி விரியன் கொத்துவது பெரும்பாலும் பாதத்திலும் கணுக்காலிலும்தான். அங்கே மூடிய சப்பாத்தும் கையில் ரோர்ச்சும் வேண்டும்.

தோல் உடைந்த காலோடு வயல் தண்ணீரில் இறங்கவே கூடாது. எலிக்காய்ச்சல் கிருமிக்கு அந்தச் சின்னக் காயம் போதும். 2024 மார்கழியில் அது வடக்கில் உயிர்களைப் பறித்ததை இங்கே யாரும் மறக்கவில்லை.

சலரோகம் உள்ளவர்களிடம் கெஞ்சித்தான் கேட்கிறேன். சலரோகத்தால் பாதத்தின் உணர்ச்சி மங்கிப்போகலாம். பாதம் உணர்கிறதா என்று பார்க்க நாங்கள் 10 கிராம் அழுத்தம் தரும் ஒரு நைலோன் இழையை வைத்திருப்போம். அந்த அம்மாவின் உள்ளங்காலில் அதைப் பல இடத்தில் வைத்தேன். “எப்ப தொடப் போறியள்?” என்று கேட்டார். அப்படிப்பட்ட கால் வற்றாப்பளை அம்மன் கோயில் மணலில் மத்தியான வெயிலில் வெந்தாலும் தெரியாது. கோயிலுக்கு வெயில் ஏற முன்னர் போய் வாருங்கள். சப்பாத்தைப் போட முன் உள்ளே கைவிட்டுத் தடவிப் பாருங்கள், கல்லோ முள்ளோ கிடக்கும். இரவில் உள்ளங்காலைக் கண்ணாடி பிடித்துப் பாருங்கள், குனிய முடியாவிட்டால் பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். கொப்புளம் கண்டால் ஊசியால் குத்தாதீர்கள், மஞ்சள் அப்பாதீர்கள். சுத்தமான துணியால் மூடிக்கொண்டு அன்றைக்கே வந்து காட்டுங்கள். பக்கத்து அரச ஆஸ்பத்திரியில் காட்டினாலும் சரி. அந்த அம்மா நாலாம் நாள் வந்தார்.