டின்னுக்குள் வெள்ளீயம் செய்யும் வேலை

டின் என்பது ஆங்கிலத்தில் முதலில் பெட்டியின் பெயரல்ல, ஓர் உலோகத்தின் பெயர். தமிழில் அது வெள்ளீயம். ஆனால் உணவு டின் ஒன்றை உருக்கினால் கிடைப்பது ஏறக்குறைய முழுவதும் இரும்புதான். மெல்லிய எஃகுத் தகடு, அதன் இருபுறமும் வெள்ளீயப் பூச்சு, அவ்வளவே. பூச்சின் தடிமன் ஒரு மைக்ரானை ஒட்டித்தான் இருக்கும். மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் ஒரு கூறு. நம் ‘தகரம்’ என்ற சொல்லும் வெள்ளீயத்தைக் குறித்து, பிறகு பூச்சிட்ட தகட்டுக்கும் பெயரானது.

இத்தனை மெல்லிய பூச்சுக்குப் பெட்டியின் பெயரையே கொடுத்தது நியாயம்தான் என்பேன். 1810இல் இங்கிலாந்தில் பீட்டர் டூரண்ட் உணவைத் தகரப் பெட்டியில் அடைத்துக் காக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். உணவு கெடாமல் இருப்பதற்குக் காரணம், காற்றுப் புகாமல் மூடிச் சூடாக்குவது. புளிப்பான பழச்சாறு இரும்பை அரித்துவிடாமல் காப்பது வெள்ளீயம்.

எப்படிக் காக்கிறது என்பதுதான் அழகு. டின்னின் வெளிப்புறத்தில் ஆழமாகக் கீறல் விழுந்தால் வெள்ளீயம் உதவாது. ஈரக் காற்றில் இரண்டு உலோகங்களும் தொட்டுக்கொண்டு இருக்கும்போது இரும்புதான் எளிதில் எலக்ட்ரானை இழக்கும். கீறிய இடம் வேகமாகத் துருப்பிடிக்கும். மூடிய டின்னுக்குள் நிலைமை தலைகீழ். அங்கே ஆக்சிஜன் அநேகமாக இல்லை. பழத்தின் சிட்ரிக் அமிலம், கரைந்து வரும் வெள்ளீய அயனிகளைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அதனால் வெள்ளீயம் இரும்பை முந்திக்கொண்டு எலக்ட்ரானை விடுகிறது. பூச்சில் ஊசித்துளை இருந்தாலும் அதன் வழியே தெரியும் இரும்பு அரிபடாமல் தப்பிக்கிறது. வெள்ளீயம் மிக மெதுவாகத் தேய்கிறது. அன்னாசித்துண்டு டின்னைக் காலி செய்து உட்புறத்தை வெளிச்சத்தில் பார்த்தால், பளபளப்பு போய்ச் சாம்பல் நிறத்தில் பூப்பூவாகத் திட்டுகள் தெரியும். அது அந்தத் தேய்மானத்தின் தடம்.

பல டின்களில் இப்போது உட்புறம் அரக்கு போன்ற பூச்சும் உண்டு. குளிர்பான கேன்கள் பெரும்பாலும் அலுமினியம். அவற்றில் வெள்ளீயப் பூச்சே கிடையாது.

அரக்குப் பூச்சில்லாத டின்னைத் திறந்ததும் காற்று உள்ளே போகிறது, வெள்ளீயம் கரையும் வேகம் கூடுகிறது. டின் உணவில் கிலோவுக்கு 250 மில்லிகிராம் வெள்ளீயம் வரைதான் சர்வதேச உணவுத் தரவிதி அனுமதிக்கிறது. அளவு மிஞ்சினால் குமட்டலும் வயிற்றுவலியும் வரும். மிச்சத்தைக் கண்ணாடிப் பாத்திரத்துக்கு மாற்றிய பிறகே குளிர்பெட்டியில் வையுங்கள்.