கயாக் ஃபிஷ் ஃபைண்டருக்கு எந்த பேட்டரி?

சிங்கப்பூரில் சாங்கியிலிருந்தோ பாசிர் ரிஸ்ஸிலிருந்தோ கயாக்கில் மீன்பிடிக்கப் போகிறவர்களிடம் அடிக்கடி கேட்கும் புலம்பல் இது: "பேட்டரி ஃபுல்லாத்தான் இருந்துச்சு, ரெண்டு மணி நேரத்துல ஃபிஷ் ஃபைண்டர் அணைஞ்சு அணைஞ்சு எரியுது." ஃபிஷ் ஃபைண்டர் என்பது நீருக்குள் ஒலியை அனுப்பி, தரையையும் மீனையும் திரையில் காட்டும் கருவி. அது அணைந்ததும் இன்னும் பெரிய பேட்டரியாக வாங்கி மாட்டுகிறார்கள். சில சமயம் அதுவும் அதே வேலையைக் காட்டுகிறது. காரணம், பேட்டரியில் மின்சாரம் தீர்ந்திருக்காது. கருவிக்குப் போய்ச் சேரும் வோல்டேஜ் அதற்குத் தேவையான அளவுக்குக் கீழே இறங்கியிருக்கும். தொட்டியில் தண்ணீர் இருந்தும் அழுத்தம் போதாமல் மேல்மாடிக் குழாயில் வராதது மாதிரிதான். பேட்டரி வாங்கும்போது எல்லாரும் ஆம்பியர்-மணியை, அதாவது எத்தனை ஆம்பியரை எத்தனை மணி நேரம் தரும் என்பதைப் பார்க்கிறார்கள். அதோடு வோல்டேஜையும், அதைக் கருவிவரை கொண்டுபோகும் இணைப்புகளையும் பார்த்தால் பாதித் தொல்லை தீரும்.

முதலில் இந்தக் கருவி எதற்காக மின்சாரம் செலவழிக்கிறது என்று பார்ப்போம். ஒலியை அனுப்பி வாங்கும் உறுப்பான டிரான்ஸ்டியூசருக்குள் உள்ள பீங்கான் வில்லைக்கு மின்துடிப்பு கிடைத்ததும் அது அதிர்ந்து நீருக்குள் மீயொலியை அனுப்பும். சாதாரணமாக இதன் அதிர்வெண் 200 கிலோஹெர்ட்ஸ். நம் பக்கத்து வெதுவெதுப்பான கடல்நீரில் ஒலி வினாடிக்குச் சுமார் 1,540 மீட்டர் போகும். 15 மீட்டர் ஆழத்தில் தரையைத் தொட்டுவிட்டுத் திரும்ப 20 மில்லிவினாடி போதும். பெட்டியில் 200 வாட், 300 வாட் என்று போட்டிருப்பதைக் கண்டு மலைக்க வேண்டாம். அது ஒலித்துடிப்பு வெளியேறும் அந்தக் கணத்தின் பலம் மட்டுமே. அதற்கு வேண்டிய சக்தியை உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் துடிப்புகளுக்கு இடையே கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துவைத்துக் கொடுக்கிறது. சராசரியாகப் பார்த்தால் சோனாருக்கு, அதாவது இந்த ஒலி வேலைக்கு, ஆகும் செலவு சொற்பம்.

பேட்டரியைத் தின்பது திரையின் பின்விளக்கு. நம் ஊர் நண்பகல் வெயிலில், கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டால், ஒளியை 100 விழுக்காடு வைத்தால்தான் திரையில் ஏதாவது தெரியும். கையேட்டில் உள்ள 'சாதாரண' மின்னோட்ட அளவு குறைந்த ஒளியில் எடுத்ததாக இருக்கலாம், ஆகவே 'அதிகபட்ச' அளவையே கணக்கில் எடுங்கள். 4, 5 அங்குலத் திரைகள் சுமார் 0.25 முதல் 0.7 ஆம்பியர்வரை இழுக்கும். 7 அங்குலம் என்றால் 1 முதல் 1.5. பக்கவாட்டு ஸ்கேன் உள்ள 9 அங்குலக் கருவி 2 ஆம்பியரைத் தாண்டவும் கூடும்.

ஓர் உதாரணம் போட்டுப் பார்க்கலாம். 7 அங்குலக் கருவி 1.2 ஆம்பியர் இழுக்கிறது, கடலில் 6 மணி நேரம் இருக்கப் போகிறீர்கள். 1.2 × 6 = 7.2 ஆம்பியர்-மணி. அதை 12 வோல்டால் பெருக்கினால் ஏறக்குறைய 86 வாட்-மணி. பேட்டரிகளை ஒப்பிடும்போது இந்த வாட்-மணிக் கணக்கையே பிடித்துக்கொள்ளுங்கள். வோல்டேஜைச் சொல்லாமல் ஆம்பியர்-மணியை மட்டும் சொன்னால் அது முழுக் கணக்கு ஆகாது. 20,000 மில்லி ஆம்பியர்-மணி பவர்பேங்க் என்றால் 12 வோல்ட் பேட்டரிக்கு 20 ஆம்பியர்-மணி போலத் தோன்றும். ஆனால் அந்த எண் உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லுக்கு உரியது. வாட்-மணியாக்கினால் 74. வோல்டேஜை உயர்த்துவதில் ஆகும் இழப்பும் போகக் கையில் மிஞ்சுவது சுமார் 60.

இனி வோல்டேஜ். பல ஃபிஷ் ஃபைண்டர்கள் 10 முதல் 20 வோல்ட்வரை ஏற்கும். சிலவற்றுக்குக் குறைந்தது 10.8 வேண்டும், சிலவற்றின் மேல்வரம்பு 17 அல்லது 18. உங்கள் கருவியின் எண்களைக் கையேட்டில் பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அவை தெரியாமல் கடைக்குப் போகக் கூடாது.

காரீய அமில பேட்டரி, அதாவது வீட்டு அலாரத்திலும் யூபிஎஸ்ஸிலும் இருக்கும் அந்தக் கறுப்புப் பெட்டி, நிறைந்திருக்கும்போது 12.7 வோல்ட், பாதியில் 12.1 அளவு, தீரும்போது 10.5. மலிவு, எங்கும் கிடைக்கும். ஆனால் 7 ஆம்பியர்-மணிக்கே இரண்டு கிலோவுக்குமேல் கனக்கும். மேலே எழுதியிருக்கும் 7 என்பதும் 20 மணி நேரத்தில் மெதுவாகக் காலி செய்தால் கிடைப்பது. 1.2 ஆம்பியர் இழுத்தால் 6 அளவுக்குத்தான் வரும். ஒவ்வொரு முறையும் அடிவரை காலி செய்தால் ஆயுள் வேகமாகக் குறையும் என்பதால், பாதியோடு நிறுத்துவதே வழக்கம். ஆக, நம் உதாரணக் கருவிக்கு இரண்டரை மணி நேரம். வெப்பமும் இதற்கு எதிரி. 25 டிகிரிக்குமேல் ஒவ்வொரு 8 முதல் 10 டிகிரிக்கும் ஆயுள் பாதியாகக் குறையும் என்பது பேட்டரிக்காரர்கள் வைத்திருக்கும் கணக்கு. காரின் பின்பெட்டியில் போட்டு வைக்கும் பழக்கம் உள்ளவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

சாதாரண லித்தியம் அயான் செல் மூன்றைத் தொடராக இணைத்த பேட்டரிகளும் '12 வோல்ட்' என்ற பெயரில்தான் விற்கின்றன. அவை நிறைந்தால் 12.6, காலியானால் 9 வோல்ட். 10.8 வோல்ட் கேட்கும் கருவியில் மாட்டினால், மூன்றில் ஒரு பங்குக்குமேல் மின்சாரம் உள்ளே இருக்கும்போதே திரை அணைந்துவிடும். நான்கு செல் போட்டவை நிறையும்போது 16.8 வோல்ட்டைத் தொடும். மேல்வரம்பு 20 உள்ள கருவிக்கு அதனால் தொல்லையில்லை, 17 என்றால் இடைவெளி மிகக் குறுகியது.

லித்தியம் அயர்ன் பாஸ்பேட், சுருக்கமாக எல்எஃப்பி, இந்த வேலைக்கென்றே அமைந்த மாதிரி இருக்கிறது. செல்லுக்கு 3.2 வோல்ட் வீதம் நான்கு செல்லுக்கு 12.8. நிறைவிலிருந்து ஐந்தில் ஒரு பங்கு மிஞ்சும்வரை 13-ஐ ஒட்டியே நிற்கும். 10 ஆம்பியர்-மணி பேட்டரியில் 128 வாட்-மணி இருக்கும், அதில் 80 விழுக்காட்டைத் தயங்காமல் எடுக்கலாம். நம் 86 வாட்-மணி அதற்குள் அடங்கிவிடும். எடை ஒரு கிலோவுக்குச் சற்று மேல். ஆயிரக்கணக்கான முறை சார்ஜ் ஏற்றலாம். சூடேறித் தீப்பிடிக்கும் வாய்ப்பும் மற்ற லித்தியம் வகைகளைவிடக் குறைவு, ஏனென்றால் பாஸ்பேட் பிணைப்பு ஆக்சிஜனை எளிதில் விடாது. 4, 5 அங்குலத் திரைக்கு 6 அல்லது 7 ஆம்பியர்-மணி தாராளம். 7 என்றால் சுமார் 90 வாட்-மணி. விமானத்தில் கைப்பையில் கொண்டுபோக முன் அனுமதி தேவைப்படாத 100 வாட்-மணி வரம்புக்குள்ளும் அது வரும்.

எல்எஃப்பியின் நல்ல குணமே ஒரு விதத்தில் சிக்கலும் ஆகிறது. வோல்டேஜ் இறங்காமல் நிற்பதால் திரையில் தெரியும் எண்ணை வைத்து இன்னும் எவ்வளவு மிச்சம் என்று சொல்ல முடியாது. 12.8 என்று காட்டினால் கரைக்குத் திரும்பும் நேரம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு மளமளவென்று இறங்கி, பிஎம்எஸ் என்ற காப்புச் சுற்று மொத்தமாக மின்சாரத்தை வெட்டிவிடும்.

வாங்கும்போது எடை போட்டுப் பாருங்கள். எண்ணை எப்படி வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், செல்லின் எடையை ஏமாற்றுவது கடினம். இணையத்தில் விற்கும் 10 ஆம்பியர்-மணி எல்எஃப்பி ஒரு கிலோவுக்குக் குறைவாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

பவர்பேங்க் பற்றிப் பலரும் கேட்பதால் ஒரு வார்த்தை. யூஎஸ்பி-சி பவர் டெலிவரி முறையில் 5, 9, 15, 20 வோல்ட் என்பவையே முறையான படிகள். 12 வோல்ட் எல்லா பவர்பேங்கிலும் வராது. 12 வோல்ட் கேட்கும் ட்ரிகர் கேபிளை மாட்டினால் சில பவர்பேங்குகள் 9 வோல்ட்டோடு நின்றுவிடும், கருவி எழும்பாது. கருவி 20 வோல்ட்வரை ஏற்குமானால், 45 வாட் பவர்பேங்கும் 15 வோல்ட் ட்ரிகரும் பாதுகாப்பான ஜோடி. ஆனாலும் வோல்டேஜை மாற்றும் சுற்று வேகமாகத் திறந்து மூடுவதால் எழும் மின்னிரைச்சல் திரையில் புள்ளி புள்ளியாகவோ சாய்கோடுகளாகவோ விழலாம். யூஎஸ்பி வாய்க்குள் உப்புநீர் போனால் அன்றோடு அதன் கதை முடிந்தது. அவசரத்துக்கு உதவும், வாடிக்கையாக வைத்துக்கொள்ளும்படி நாங்கள் சொல்ல மாட்டோம்.

இப்போது பெரும்பாலான கருவிகள் அணையும் இடத்துக்கு வருவோம், அதுதான் இணைப்பு. 0.75 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி மீட்டருக்கு 0.023 ஓம். பேட்டரி இரண்டு மீட்டர் தள்ளி இருந்தால் போக வர நான்கு மீட்டர், 1.2 ஆம்பியரில் இழப்பு 0.1 வோல்ட்தான். கம்பியால் பிரச்சினை இல்லை. ஆனால் துருவேறிய ஓர் இணைப்பி ஒரு ஓம் தடை கொடுத்தால் 1.2 வோல்ட் அங்கேயே போய்விடும். 10.8 வோல்ட் கேட்கும் கருவி, காரீய பேட்டரி 12 வோல்ட்டில் இருக்கும்போதே அணைந்துவிடும், அதாவது கிட்டத்தட்ட பாதியில். போதாததற்கு, வோல்டேஜ் குறையக் குறைய அதே வாட்டைப் பெறுவதற்காகக் கருவி கூடுதல் மின்னோட்டம் இழுக்கும், இழப்பு இன்னும் கூடும். அணைந்ததும் மின்னோட்டம் நிற்கும், வோல்டேஜ் மீளும், மறுபடியும் எரியும். அணைந்து அணைந்து எரிவதன் ரகசியம் இதுதான்.

சில பயணங்களுக்குப் பிறகு இணைப்பியைப் பிரித்துப் பாருங்கள். கறுப்புக் கம்பியின் முனை ஓரளவு பளிச்சென்று இருக்கும். சிவப்புக் கம்பியின் முனையில் பச்சைப் பொடி படிந்திருக்கும், சுரண்டினால் ஊசி மெலிந்திருப்பது தெரியும். இரண்டு முனைக்கும் நடுவே உப்புநீர் தேங்கினால் அது மின்கடத்தி. நேர்முனையிலிருந்து, அதாவது சிவப்புக் கம்பியின் பக்கத்திலிருந்து, செம்பு கரைந்து வெளியேறும். சும்மா துருப்பிடிக்க வாரக்கணக்கில் ஆவதை, மின்சாரம் ஓடும்போது ஒரே மதியத்தில் செய்து முடித்துவிடும்.

இதைத் தடுக்கப் பெரிய செலவு வேண்டாம். ஈயம் பூசிய செம்புக் கம்பி, உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூடாக்கினால் சுருங்கி இறுகும் உறை), ரப்பர் வளையத்தோடு திருகி மூடும், நீர் புகாத ஐபி67 தர இரண்டு ஊசி இணைப்பி, ஊசிகளில் தடவ சிலிக்கான் கிரீஸ். சிம் லிம் டவரில் ஒரு சுற்று சுற்றினால் பெரும்பாலும் எல்லாம் கிடைத்துவிடும். ஃபியூஸை பேட்டரியின் நேர்முனையிலிருந்து ஒரு சாணுக்குள் வையுங்கள். எத்தனை ஆம்பியர் என்பது கையேட்டில் இருக்கும், சிறிய கருவிகளுக்குப் பெரும்பாலும் 3. கருவிக்குப் பக்கத்தில் ஃபியூஸ் வைத்தால் நடுவில் உள்ள கம்பி நசுங்கும்போது அது காப்பாற்றாது.

பேட்டரிப் பெட்டியில் கம்பி வெளியேற ஒரே ஒரு துளை போதும், அதில் கம்பியைச் சுற்றி இறுகி நீரைத் தடுக்கும் கேபிள் கிளாண்ட் போட்டு இறுக்குங்கள். வட்டமான கம்பியைத்தான் கிளாண்ட் சரியாகப் பிடிக்கும், தட்டையான இரட்டைக் கம்பியின் ஓரத்தில் நீர் கசியும். வெயிலில் காய்ந்த பெட்டியின் மேல் அலை அடித்தால் உள்ளே காற்று சட்டெனச் சுருங்கி, சின்ன ஓட்டை இருந்தாலும் நீரை உறிஞ்சிவிடும். ஆகவே பெட்டியை நிழலில், கயாக்கின் உள்தளத்தில், இருக்கைக்குப் பின்னால் நடுக்கோட்டில் வைத்து வாரால் கட்டுங்கள். கயாக் கவிழ்ந்தாலும் அது நகரக் கூடாது. மின்மோட்டார் வைத்திருப்பவர்கள் ஃபிஷ் ஃபைண்டருக்குத் தனி பேட்டரியே வைப்பது நல்லது. மோட்டார் கிளம்பும் கணத்தில் வோல்டேஜ் சரிந்து கருவி மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

வீட்டில் சார்ஜ் ஏற்றும்போது ஒரு பொறி இருக்கிறது. எல்எஃப்பி சார்ஜர் 14.6 வோல்ட், மூன்று செல் லித்தியம் அயான் சார்ஜர் 12.6. இரண்டுமே பெரும்பாலும் ஒரே அளவு வட்டப் பிளக்கோடுதான் வருகின்றன. மாற்றிச் செருகினால் எல்எஃப்பி நிறையவே நிறையாது. எல்எஃப்பி சார்ஜரை லித்தியம் அயான் பேட்டரியில் செருகினால் செல் ஒவ்வொன்றுக்கும் 4.2-க்குப் பதில் 4.8-க்குமேல் போகும், அப்போது தீக்கும் உங்களுக்கும் நடுவே நிற்பது பிஎம்எஸ் மட்டும்தான். இரண்டு வகையும் வைத்திருப்பவர்கள் சார்ஜரிலும் பேட்டரியிலும் ஒரே நிற டேப்பை ஜோடியாக ஒட்டிவையுங்கள். சுவரில் செருகும் அடாப்டரில் சிங்கப்பூரின் பாதுகாப்புக் குறி இருக்கிறதா என்றும் பாருங்கள். இரவு முழுதும் ஆளில்லாமல் சார்ஜ் ஏற்ற வேண்டாம் என்று குடிமைத் தற்காப்புப் படை சொல்வதை வீவக அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்கள் அப்படியே கடைப்பிடிக்க வேண்டும். வாசற்பக்கம், வெளியேறும் வழியில், வைக்கவே கூடாது. காரீய பேட்டரியாக இருந்தால் பெட்டியின் மூடியைத் திறந்துவிட்டு ஏற்றுங்கள், ஹைட்ரஜன் வெளியாகும்.

அடிவரை காலியான எல்எஃப்பியை மல்டிமீட்டரில் பார்த்தால் 0 வோல்ட் காட்டக்கூடும். பேட்டரி செத்துவிட்டது என்று தூக்கிப் போடாதீர்கள். பிஎம்எஸ் தூங்குகிறது, அவ்வளவுதான். சில சார்ஜர்கள் எதிரே வோல்டேஜ் தெரியாவிட்டால் வேலையைத் தொடங்கவே தொடங்காது. பிஎம்எஸ்ஸை எழுப்பும் வசதி உள்ள சார்ஜரில் மாட்டினால் உயிர் வந்துவிடும்.

உண்மையான கொள்ளளவை அறிய, டிரான்ஸ்டியூசரை ஒரு வாளித் தண்ணீரில் போட்டு, நடுவே ஒரு வாட்மீட்டர் இணைத்து, முழு ஒளியில் அணையும்வரை ஓடவிடுங்கள். காற்றில் வைத்து நெடுநேரம் ஓட்டினால் டிரான்ஸ்டியூசர் சூடாகும். புதிதாக வாங்கியதும் ஒருமுறை செய்து, கிடைத்த வாட்-மணியையும் தேதியையும் பேட்டரியின் மேலேயே எழுதுங்கள். ஆண்டுக்கொரு முறை ஒப்பிட்டு, 70 விழுக்காட்டுக்குக் கீழே போனால் மாற்றலாம். பழையதைக் குப்பைக் குழாயில் போடாமல், முனைகளை டேப்பால் மூடி, அந்த வகை பேட்டரியை ஏற்கும் மின்கழிவுச் சேகரிப்பு இடத்தில் கொடுங்கள். வீங்கியிருந்தால் ஆண்டுக் கணக்கெல்லாம் பார்க்க வேண்டாம், அன்றே நிறுத்திவிடுங்கள்.