கால் மில்லிமீட்டர் கணக்கு: புது ஏர் பிஸ்டல் கைக்குப் பழகுவது எப்படி?

அழுத்திய காற்றால் சுடும் ஏர் பிஸ்டலைப் புதிதாக வாங்கியவருக்கு முதல் சில வாரங்கள் புள்ளிகள் குறைவது வழக்கம். பழைய கிளப் பிஸ்டலில் ஒன்பதும் பத்துமாகச் சுட்டவர், விலை கூடிய புதியதில் ஏழும் எட்டுமாக வாங்கிக்கொண்டு நிற்பார். எழும்பூரில் இருக்கும் சென்னை ரைபிள் கிளப் போன்ற ரேஞ்சுகளில் புதுப் பெட்டியோடு வருகிறவர்கள் பலரும் இதைக் கடந்துதான் போகிறார்கள். சிலர் துப்பாக்கியைச் சந்தேகிக்கிறார்கள், சிலர் தங்கள் திறமையையே சந்தேகிக்கிறார்கள். இரண்டுக்கும் தேவையில்லை. நடப்பது எளிய வடிவியல்தான்.

பத்து மீட்டர் போட்டியின் அளவுகளைப் பாருங்கள். சுடுபவர் ஒரே கையால் பிடிக்க வேண்டும். தொலைநோக்கிக் கண்ணாடி எதுவும் பிஸ்டலில் பொருத்தக் கூடாது. அதன் எடை 1,500 கிராமைத் தாண்டக் கூடாது. இலக்கின் நடுவில் உள்ள பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மி.மீ. சுடப்படும் சிறு ஈயக் குண்டான பெல்லட்டின் விட்டம் 4.5 மி.மீ. பெல்லட்டின் ஓரம் வட்டத்தின் கோட்டைத் தொட்டாலே அந்தப் புள்ளி கிடைத்துவிடும். அதாவது பெல்லட்டின் மையம் இலக்கின் மையத்திலிருந்து 8 மி.மீ. வரை விலகினாலும் பத்துதான்.

இப்போது உங்கள் கை நடுங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். எல்லோருடைய கையும் நடுங்கும். தசைகளின் இயல்பான அதிர்வு விநாடிக்கு 8 முதல் 12 தடவை நிகழ்கிறது. அதன் மேல் இதயத் துடிப்பும் மூச்சும் சேர்ந்துகொள்கின்றன. ஒலிம்பிக் வீரருக்கும் இதிலிருந்து விடுதலை இல்லை. ஆனால் தோள் முதல் பிஸ்டலின் முனை வரை எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து 5 மி.மீ. பக்கவாட்டில் நகர்ந்தால், பெல்லட்டும் இலக்கில் அதே 5 மி.மீ.தான் விலகும். அப்போதும் பத்துப் புள்ளி உங்களுக்கே.

மணிக்கட்டு மடிந்தால் கதை வேறு. பிஸ்டலின் பின்புறம் ஒரு பள்ளம், அது ரியர் சைட். முனையில் ஒரு சிறு தூண், அது ஃபிரன்ட் சைட். இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய 32 செ.மீ. இலக்கோ 10 மீட்டர் தள்ளி இருக்கிறது. பள்ளத்துக்குள் அந்தத் தூண் ஒரு மில்லிமீட்டர் ஒதுங்கினால், அந்தக் கோணம் பத்து மீட்டர் போய்ச் சேரும்போது 31 மி.மீ. ஆகிவிடுகிறது. புள்ளி ஏழாக இறங்கிவிடும். பத்துக்குள் நிற்க வேண்டுமானால் இந்த ஒதுக்கம் கால் மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். கை மொத்தமாக நகர்ந்தால் 8 மி.மீ. வரை மன்னிப்பு உண்டு, மணிக்கட்டுக்கோ கால் மி.மீ. மட்டும்தான். கோச்சுகள் வாய் ஓயாமல் “மணிக்கட்டை லாக் பண்ணுங்க” என்று சொல்வதன் பின்னால் இருப்பது இந்த 31 மடங்குதான்.

இந்தக் கணக்கு புரிந்துவிட்டால், கண்ணை எங்கே வைப்பது என்பதும் புரிந்துவிடும். ரியர் சைட், ஃபிரன்ட் சைட், இலக்கு மூன்றும் மூன்று தூரத்தில் இருக்கின்றன. கண்ணின் லென்ஸ் ஒரே சமயத்தில் ஒரு தூரத்துக்குத்தான் குவியும். புதிதாக வருபவர் இயல்பாகவே இலக்கைக் கூர்ந்து பார்ப்பார். அந்த நேரத்தில் ஃபிரன்ட் சைட் மங்கிப்போய், எந்தப் பிழை 31 மடங்காகப் பெருகுமோ அந்தப் பிழையே கண்ணில் படாமல் போகும். ஆகவே தூண் கத்திமுனைபோல் தெளிவாகத் தெரிய வேண்டும். இலக்கின் கறுப்பு வட்டம் மங்கலாக இருந்தால் ஒன்றும் கெட்டுவிடாது. வட்டத்தின் நடுவைக் குறிவைக்காமல், அதற்குக் கீழே வெள்ளைப் பகுதியில் தூணை நிறுத்திச் சுடுவதும் இதனால்தான். வெள்ளையின் மேல் கறுப்புத் தூணின் விளிம்பு நன்றாகத் தெரிகிறது. அங்கே நிறுத்தினாலும் பெல்லட் நடுவில் போய் விழும்படி ரியர் சைட்டைத் திருகி வைத்துக்கொள்ளலாம்.

புதுப் பிஸ்டலில் முதலில் கவனிக்க வேண்டியது கிரிப். மரத்தாலான அந்தப் பிடி கைக்கு ஏற்றதா என்று பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. இலக்கை நோக்கி நின்று, கண்ணை மூடி, வழக்கம்போலக் கையை உயர்த்துங்கள். மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, கண்ணைத் திறங்கள். தூண் பள்ளத்தின் நடுவில் நின்றால் நல்லது. ஒவ்வொரு முறையும் இடப்பக்கமே ஒதுங்கினால், கிரிப்பின் கோணமோ உள்ளங்கைத் தாங்கியோ சரியில்லை. மணிக்கட்டை வலிந்து திருப்பி அதைச் சரிசெய்தால் அந்தத் தசை சீக்கிரம் களைத்துப்போகும். போட்டியோ 60 ஷாட், 75 நிமிடம். நாற்பதாவது ஷாட்டில் தூண் தன் பழைய இடத்துக்கே ஓடிவிடும். மரத்தை ராவுவதும், குழிந்த இடத்தில் மரப்புட்டி வைத்து நிரப்புவதும் இதற்காகத்தான். வேர்த்துக்கொண்டே இருக்கும் நம் ஊர்க் கைக்குச் சொரசொரப்பான மரமே நல்லது. வழவழப்பாக வார்னிஷ் பூசியது பத்து ஷாட்டுக்குள் வழுக்கத் தொடங்கும்.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் துருக்கியின் யூசுப் டிகெச் ஒரு கையைப் பாக்கெட்டில் விட்டபடி சுட்ட படம் உலகம் முழுக்கச் சுற்றியது. ஒய்யாரமாகத் தெரிந்தாலும் அது பிஸ்டல்காரர்கள் எல்லோரும் செய்வதுதான். சும்மா தொங்கும் கை ஆடினால் உடம்பும் ஆடும். அதை எங்காவது ஊன்றி வைக்க வேண்டும்.

அடுத்தது டிரிக்கர். விதிப்படி அது குறைந்தது 500 கிராம் எடையைத் தாங்க வேண்டும். விரல் முதலில் லேசான இழுவையைக் கடந்து, ஓரிடத்தில் சுவரில் முட்டியதுபோல் நிற்கும். அதற்கு மேல் சிறிது அழுத்தம் கூடினால் ஷாட். அந்தச் சுவர் எங்கே வருகிறது என்பது பிஸ்டலுக்குப் பிஸ்டல் மாறும். பழைய பிஸ்டலில் பல மாதங்களாக விரல் கற்றுவைத்திருந்த தூரம் புதியதில் பொய்யாகிறது. மனிதன் ஒன்றைப் பார்த்து விரலை அசைக்க ஏறக்குறைய 0.2 விநாடி பிடிக்கும். தூண் சரியான இடத்துக்கு வந்ததைப் பார்த்து “இப்போது” என்று இழுத்தால், விரல் இழுத்து முடிக்கும்போது தூண் அங்கே இருக்காது. போதாக்குறைக்கு அந்த அவசரம் மணிக்கட்டையும் உலுக்கிவிடும். ஆகவே தூண் அடங்கத் தொடங்கும்போதே அழுத்தமும் மெதுவாக ஏறிக்கொண்டிருக்க வேண்டும். இதை விரலுக்குப் புகட்ட பெல்லட் தேவையில்லை. வெற்றுச் சுவரை நோக்கி, பெல்லட்டும் காற்றும் இல்லாமல் டிரிக்கரை மட்டும் இயக்கும் டிரை ஃபயர் பயிற்சிதான் முதல் வாரங்களில் அதிகம் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சத்தமும் ஓட்டையும் இல்லாததால் கவனம் முழுவதும் தூணிலேயே நிற்கிறது.

டிரிக்கர் விடுபட்டதும் உள்ளே ஒரு சுத்தியல் வால்வைத் தட்டுகிறது. ரெகுலேட்டர் அளந்து வைத்திருந்த காற்று பெல்லட்டைத் தள்ளுகிறது. அரை கிராம் ஈயம், குழலைக் கடக்க ஏறக்குறைய 3 மில்லி விநாடி, வெளியேறும் வேகம் விநாடிக்குச் சுமார் 150 மீட்டர். பத்து மீட்டரைத் தாண்டுவதற்குள் ஈர்ப்பு விசை அதை 2 செ.மீ.க்கு மேல் கீழே இழுத்துவிடும். அந்த வீழ்ச்சியைச் சைட் சீரமைப்பு ஈடுகட்டுகிறது. அதற்கு வேகம் ஷாட்டுக்கு ஷாட் ஒன்றாக இருக்க வேண்டும். காற்று அடைத்த சிலிண்டரில் அழுத்தம் 200 பார் (வெளிக்காற்றைப் போல் சுமார் 200 மடங்கு) இருந்தாலும், பாதியாகக் குறைந்தாலும் ஒரே அழுத்தத்தை வால்வுக்குக் கொடுப்பது ரெகுலேட்டரின் வேலை. கருவி எவ்வளவு முக்கியம் என்பதற்கு மனு பாக்கரே சாட்சி. 2021 ஜூலையில் டோக்கியோவில் போட்டி நடுவே பிஸ்டல் பழுதாகி நேரத்தை இழந்தார், 575 புள்ளிகளோடு இறுதிச் சுற்றைத் தவறவிட்டார். மூன்று ஆண்டுகள் கழித்துப் பாரிஸில் இதே ஏர் பிஸ்டல் பிரிவில் வெண்கலம் வென்றார்.

சென்னையில் இந்தக் காற்றுக்கென்று தனிப் பிரச்சினை ஒன்று இருக்கிறது. அது ஈரம். 30 டிகிரி வெப்பத்தில், ஈரப்பதம் 75 சதவீதம் இருக்கும் நாளில், ஒரு கன மீட்டர் காற்றில் ஏறக்குறைய 23 கிராம் நீராவி இருக்கும். அதை 200 மடங்கு அழுத்தும்போது அத்தனை நீராவியைக் காற்றால் தாங்க முடியாது. பெரும்பகுதி தண்ணீராக மாறிவிடும். சிலிண்டரின் கொள்ளளவு 100 மில்லி லிட்டர் என்றால் உள்ளே போவது சுமார் 20 லிட்டர் வெளிக்காற்று. அதில் அரை கிராமுக்குச் சற்றுக் குறைவான தண்ணீர். ஈரம் வடிகட்டாத கைப்பம்பால் திரும்பத் திரும்ப நிரப்பினால், அந்தத் துளிகள் வால்வையும் ரெகுலேட்டரையும் மெல்ல அரிக்கும். ஈரம் உறிஞ்சும் வடிகட்டியை இங்கே கூடுதல் செலவாக நினைக்கக் கூடாது. வெயிலும் கவனிக்க வேண்டியதே. ஏசி அறையில் 25 டிகிரியில் 200 பார் நிரப்பிய சிலிண்டர், கத்திரி வெயிலில் நிறுத்திய காருக்குள் 60 டிகிரி வரை சூடேறினால் அழுத்தம் 220 பாரைத் தாண்டும். சிலிண்டருக்கு ஆயுள் உண்டு, பெரும்பாலும் அதன் மேல் பொறித்த தேதியிலிருந்து பத்து ஆண்டுகள். பழைய பிஸ்டலை வாங்குபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அந்தத் தேதியைத்தான்.

ரேஞ்ச் ஒழுங்குகள் புதுப் பிஸ்டலுக்கும் பழையதற்கும் ஒன்றே. முனை எப்போதும் இலக்குப் பக்கம், சுடும் நொடி வரை விரல் டிரிக்கருக்கு வெளியே, கீழே வைக்கும்போது, பெல்லட் போடும் அறையில் அது காலி என்று காட்டும் பாதுகாப்புக் கொடி. பெல்லட் ஈயம் என்பதால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் எதையும் சாப்பிடக் கூடாது. ஏர் பிஸ்டலைத் தாண்டி, தோட்டா போட்டுச் சுடும் .22 பிஸ்டலுக்குப் போகிறவர்களுக்கு 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும்.

சைட் திருகைத் தொடுவது கடைசி வேலை. இரண்டு ஷாட் வலப்பக்கம் போனதும் திருகுபவர், தன் விரலின் பிழையைப் பிஸ்டலுக்குள் பதித்துவைக்கிறார். இலக்குத் தாளைத் திருப்பி, வெற்று வெள்ளைப் பக்கத்தில் பத்து ஷாட் சுடுங்கள். ஓட்டைகள் எவ்வளவு நெருங்கி விழுகின்றன என்பது உங்கள் கையைப் பற்றிய தகவல். நல்ல பிஸ்டலை இடுக்கியில் பொருத்திச் சுட்டால் எல்லாப் பெல்லட்டும் ஏறக்குறைய ஒரே ஓட்டைக்குள் போகும், ஆகவே சிதறலுக்குப் பிஸ்டல் பெரும்பாலும் காரணமாகாது. ஓட்டைகளின் கூட்டம் எங்கே விழுகிறது என்பது சைட்டைப் பற்றிய தகவல். கூட்டம் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குச் சுருங்கி, நாலைந்து நாள் ஒரே இடத்தில் விழுந்த பிறகு திருகைத் தொடலாம். திருகு எத்தனை க்ளிக் நகர்ந்தது, எந்தப் பக்கம், எந்த அளவுப் பெல்லட் என்று நோட்டில் எழுதிவைத்துக்கொண்டால், 4.49 மி.மீ. தலையளவுள்ள பெல்லட்டிலிருந்து 4.50க்கு மாறும்போது மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது.