தூணின் காலடியில் என்ன நடக்கிறது?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத்தில் பல தோட்டங்களுக்கு ஆற்றையோ ஓடையையோ கடந்துதான் போக வேண்டும். செம்பனைக் குலை ஏற்றிய லாரி போகும் பாலத்தில்தான் பள்ளிப் பிள்ளைகளின் வேனும் போகிறது. இவற்றில் பல, எஃகு உத்தரங்களின் மேல் கான்கிரீட் தளம் போட்ட சிறிய பாலங்கள். பாலங்களைக் கருவி வைத்துக் கண்காணிப்பது என் தொழில். இந்தச் சிறிய பாலங்களுக்கும் சென்சார் தேவை என்பதே என் கருத்து. ஆனால் எதை அளப்பதற்காக அதைப் பொருத்துகிறோம் என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு.

லாரி கடக்கும்போது உத்தரம் எவ்வளவு நீள்கிறது என்பதைத் திரிபுமானி சொல்லும். பாலம் எப்படி அதிர்கிறது என்பதை முடுக்கமானியும், தூண் சாய்கிறதா என்பதைச் சாய்வுமானியும் சொல்லும். இந்த எண்கள் கணினியில் உள்ள பாலத்தின் மெய்நிகர் மாதிரிக்குப் போகின்றன. அந்த மாதிரியை நம்புவதற்கு முன், எடை தெரிந்த லாரியைப் பாலத்தில் ஓட்டிப் பார்த்து, மாதிரி காட்டும் வளைவும் உண்மையான வளைவும் பொருந்தும்வரை திருத்த வேண்டும். தோட்டப்புறத்தில் இது எளிது. எண்ணெய் ஆலைக்குப் போகும் ஒவ்வொரு லாரியும் எடைமேடையில் ஏறித்தானே ஆக வேண்டும்! அந்த எடைச் சீட்டுகள் கையில் இருந்தும் பயன்படுத்தாமல் விட்டால் எனக்கு மனம் பொறுப்பதில்லை. அவற்றிலிருந்து இன்னொன்றும் தெரியும்: எஃகு உத்தரத்தின் களைப்பு, அதாவது திரும்பத் திரும்பச் சுமை ஏறுவதால் வரும் தேய்மானம், சுமையின் மும்மடிக்கு (சுமை × சுமை × சுமை) ஏற்பக் கூடும். 20 விழுக்காடு கூடுதல் பாரம் ஏற்றினால், ஒவ்வொரு பயணமும் ஏறக்குறைய 1.7 மடங்கு தேய்மானத்தைத் தருகிறது.

அதிர்வை மட்டும் நம்பிவிடக் கூடாது. பாலத்தின் விறைப்பு 10 விழுக்காடு குறைந்தால் அதன் இயல்பு அதிர்வெண், அதாவது அது தானாக ஆடும்போது நொடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்பது, 5 விழுக்காடு அளவில் இறங்கும். ஆனால் காலை முதல் மாலை வரை வெயில் ஏறி இறங்குவதாலேயே அதே அளவு மாற்றம் வரலாம். சுவிட்சர்லாந்தில் இசட்24 என்ற பாலத்தை 1998-இல் இடிப்பதற்கு முன் மாதக்கணக்கில் அளந்தார்கள். தூணை வேண்டுமென்றே சிறிது சிறிதாக இறக்கியும் பார்த்தார்கள். குளிரில் தார்த் தளம் உறைந்தபோது, எந்தச் சேதமும் இல்லாமலேயே அதிர்வெண் ஏறியது. நமக்குப் பனி இல்லை. ஆனால் உச்சி வெயிலுக்குப் பின் கொட்டும் மழை உண்டு. ஆகவே வெப்பமானி வைக்காத கண்காணிப்பை நான் ஏற்பதில்லை.

மாதிரியில் எதைச் சேர்க்கவில்லையோ, அதைப் பற்றி அது ஒரு நாளும் எச்சரிக்காது. 2007 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் ஐ-35டபிள்யூ பாலம் இடிந்து 13 பேர் இறந்தனர். உத்தரங்களை இணைக்கும் எஃகுத் தகடுகள் தேவையான தடிமனில் இல்லை. அந்தத் தகடுகள் வளைந்திருப்பது 2003-ஆம் ஆண்டின் படங்களிலேயே தெரிந்தது. ஆயினும் பாலத்தின் தாங்குதிறன் கணக்குகளில் தகடுகளை வழக்கமாகச் சேர்க்கவில்லை. கேட்கப்படாத கேள்விக்கு யார் பதில் சொல்வார்கள்?

நம் ஊரில் கேட்கப்படாத கேள்வி ஆற்றுக்குள் இருக்கிறது. வெள்ளத்தில் நீர் தூணைச் சுற்றிச் சுழன்று அடிமண்ணைத் தோண்டிவிடும். வெள்ளம் வடியும்போது அதே குழியில் தளர்ந்த மணலும் வண்டலும் வந்து நிரம்பும். வெயில் நாளில் வந்து பார்க்கும் ஆய்வாளருக்கு ஆற்றுப்படுகை மட்டமாகவே தெரியும். அந்த மண்ணுக்கோ பிடிப்பே இருக்காது. 1987 ஏப்ரல் 5 அன்று நியூயார்க் மாநிலத்தின் ஸ்கோஹரி ஓடைப் பாலம் இப்படித்தான் விழுந்தது. 10 பேர் மாண்டனர்.

பக்கத்தில் கராயில் 1900-இல் திறந்த விக்டோரியா ரயில் பாலத்தைக் காட்டி, "பழைய பாலங்கள் அசையாது" என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. அந்தப் பாலத்தில் இன்று ரயில் ஓடுவதில்லை. தோட்டப் பாலமோ நாள்தோறும் லாரியைச் சுமக்கிறது.

ஆகவே, சிறிய பாலத்திற்குப் பணம் குறைவாக இருந்தால், முதல் செலவைத் தூணுக்குச் செய்யுங்கள். நீருக்கடியில் ஒலியலை மூலம் ஆழம் பார்க்கும் கருவி நல்லதுதான். ஆனால் வெள்ளத்தில் மிதந்து வரும் மரத்தடிகள் அதை உடைத்துவிடும். எனவே தூணின் தலையில், வெள்ளம் எட்டாத உயரத்தில் சாய்வுமானியும் முடுக்கமானியும் இருக்க வேண்டும். காலடி மண் போனால் தூணின் அதிர்வு மெதுவாகும். ஆற்று மட்டத்திற்குத் தனிக் கருவி வாங்கும் முன், நீர்ப்பாசன வடிகால் துறையின் நிலையம் அருகில் இருக்கிறதா என்று பாருங்கள். வழக்கம், விழிப்பு, எச்சரிக்கை, அபாயம் என நான்கு நிலைகளில் அது இணையத்தில் மட்டத்தைத் தருகிறது. எதற்கும் வழியில்லையா? ஈயக்குண்டு கட்டிய அளவுக் கயிற்றால் ஒவ்வொரு வெள்ளத்திற்குப் பிறகும் ஆழம் பார்த்துக் குறித்து வையுங்கள்.

ஒரு லாரி ஓட்டுநர் என்னிடம், "ஐயா, இவ்வளவு ஒயர் கட்டிவிட்டீர்களே, இனிப் பயமில்லை அல்லவா?" என்று கேட்டார். நள்ளிரவு இரண்டு மணிக்கு எச்சரிக்கை வந்தால் பாலத்தை மூடுவது யார் என்று தெரியாதவரை பயம் உண்டு என்றேன். பொதுப்பணித் துறைக்குத் தகவல் போக வேண்டுமா, தோட்ட நிர்வாகத்துக்கா என்பது பாலம் யாருடையது என்பதைப் பொறுத்தது. கருவி வாங்கும் முன்பே அதை எழுத்தில் முடிவு செய்யுங்கள். ஆறு அபாய நிலையைத் தொட்டால் லாரிகளை நிறுத்த வேண்டும். முன்பே குறித்து வைத்த அளவுக்கு மேல் தூண் சாய்ந்தால் எல்லா வாகனங்களையும் நிறுத்த வேண்டும். தண்ணீர் வடிந்தபின் காலடியை அளந்து பார்த்த பிறகே திறக்க வேண்டும்.

தோட்டத்து மக்களுக்கும் வேலை இருக்கிறது. பாலத்தின் கைப்பிடிக் கோடு ஓரிடத்தில் தாழ்ந்திருந்தாலோ, தளத்தின் இணைப்பு இடைவெளி திடீரென அகன்றிருந்தாலோ, முன்பு எடுத்த அதே இடத்தில் நின்று படம் எடுத்து உடனே அனுப்புங்கள். மழை விடட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.